ஒரே படுக்கை, மூன்று தேர்வுகள்

புது தில்லி: மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் ஒரே நோயாளிக்காகப் பணிபுரிகின்றனர். ஆனால் மூவரையும் உருவாக்குவது மூன்று தனித்தனிச் சட்டங்கள். மருத்துவக் கல்வி 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் பொறுப்பு. செவிலியர் கல்விக்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் புதிய சட்டம் நிறைவேறியது. மருந்தாளுநர்களுக்கு 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். பாடத்திட்டமும் தேர்வும் தனித்தனி. பணியில் சேர்ந்த பிறகுதான் இவர்கள் 'குழு' ஆகின்றனர்.

இதில் உள்ள ஆபத்தை உலகுக்கு உணர்த்தியது 2005-இல் பிரிட்டனில் நிகழ்ந்த ஒரு மரணம். சைனஸ் அறுவைச் சிகிச்சைக்குச் சென்ற பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுப்பாதை அடைபட்டது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் குழாய் செலுத்தவே திரும்பத் திரும்ப முயன்றனர். தொண்டையில் துளையிடும் கருவிகளைச் செவிலியர் கொண்டுவந்து தெரிவித்தும் பயனில்லை. நிலைமையைப் புரிந்துகொண்டவர்களுக்கு அதை அழுத்திச் சொல்லும் துணிவோ வழியோ இருக்கவில்லை. விமானியான அவரது கணவர், விமானி அறையில் இளையவரும் தயங்காமல் எச்சரிக்கப் பழக்கப்படுவதைச் சுட்டிக்காட்டி, மருத்துவத்திலும் அதை வலியுறுத்தி வருகிறார்.

தில்லிக்கும் இதில் அனுபவம் உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த சரிபார்ப்புப் பட்டியல் சோதிக்கப்பட்ட எட்டு நகரங்களில் தில்லியும் ஒன்று. கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. 2009-இல் வெளியான முடிவுகளின்படி, எட்டு மருத்துவமனைகளிலும் சேர்த்து மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது.

இப்பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே ஊட்டுவதுதான் கூட்டு மாதிரிப் பயிற்சி. மனித உருவப் பொம்மைக்கு 'மாரடைப்பு' வரும். தலைமை ஏற்றது யார், சொன்ன மருந்தளவை மற்றவர் உரக்கத் திருப்பிச் சொன்னாரா, தவறான அளவைச் செவிலியர் மாணவி தடுத்தாரா, தடுத்தபோது மருத்துவ மாணவர் செவிமடுத்தாரா எனப் பார்வையாளர்கள் குறித்துக்கொள்வர். பின்னர் அனைவரும் அமர்ந்து நடந்ததை அலசுவர். விலை உயர்ந்த பொம்மைகூடக் கட்டாயமில்லை. ஒரு கட்டிலும் நோயாளியாக நடிக்க ஒரு மாணவரும் போதும்.

சிக்கல் மதிப்பெண்ணில்தான். குழு முழுவதற்கும் ஒரே மதிப்பெண் என்றால் வாய் திறக்காதவரும் தேறிவிடுவார். தனித்தனியே என்றால் எல்லோரும் தலைவராக முந்துவர். ஒருநாள் நடிப்பை வைத்து ஒருவரின் இயல்பை முடிவு செய்வதும் சரியல்ல. தேர்வு என்று வந்துவிட்டால், பணிவாகக் கேட்பதையும் நம் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள்! எனவே பல ஆண்டுகளில், பல சூழல்களில், பலர் கண்டு எழுதும் மதிப்பீடே ஓரளவு நம்பத்தக்கது.

2019-இல் நடைமுறைக்கு வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டம், மாணவர் 'மருத்துவக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும்' உருவாக வேண்டும் என்கிறது. திறன் பயிற்சிக் கூடமும் கட்டாயம். ஆனால் செவிலியர் மாணவருடன் சேர்ந்து எதிர்கொள்ளும் பல்கலைக்கழகத் தேர்வு இல்லை. கூட்டுத் தேர்வு நடத்துவதானால் ஆணையங்கள் ஒன்றுகூடி விதி வகுக்க வேண்டும். அப்போது எழும் முதல் கேள்வி தேர்வாளர் யார் என்பதே. எம்பிபிஎஸ் தேர்வாளர்கள் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களே. மருத்துவ மாணவரின் செவிமடுக்கும் பண்புக்குச் செவிலியர் ஆசிரியர் மதிப்பெண் இடுவதை மருத்துவ வட்டாரம் ஏற்குமா?