‘வாங்க’வுக்கும் ‘வா’வுக்கும் நடுவில்

எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘ங்க’ சேராமல் ஒரு வாக்கியம் முடியாது. பரமத்தி வேலூர்ச் சந்தையில் வெற்றிலைக்காரர் “வாங்க, எத்தன கவுளி வேணுமுங்க” என்பார். பெற்ற பிள்ளையையே “வாங்க கண்ணு, சாப்புடுங்க” என்று கூப்பிடுகிற வீடுகள் இங்கே நிறைய. வெளி மாவட்டத்துக்காரர்கள் கேட்டு ஆசைப்படுகிற மரியாதை இது. அந்த ‘ங்க’ யாரிடம் வந்ததும் நின்றுபோகிறது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு நாலு வயதுப் பையன்.

நான் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் பால்வாடி டீச்சர் என்றால்தான் தெரியும். வேலூருக்கும் ஜேடர்பாளையத்துக்கும் இடையில், ராஜா வாய்க்கால் தண்ணீர் பாய்கிற ஒரு ஊர். வெற்றிலைக் கொடிக்கால், பூவன் வாழை, கரும்பு, கரும்பை ஒட்டி வெல்லம் காய்ச்சும் ஆலைகள். தோட்டத்து வீட்டுப் பிள்ளை, அருந்ததியர் தெருப் பிள்ளை, ஆலை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளை எல்லாம் ஒரே அறையில் ஒரே பாயில் உட்காரும். அவர்கள் பெற்றோருக்கு அப்படி ஒரு இடம் ஊரில் எங்கும் கிடையாது.

2018 ஆடி மாதம். மேட்டூர் நிரம்பி, காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பையன் என்னிடம் வந்து, “மிஸ், கை கழுவிட்டு வந்துட்டேனுங்” என்றான். அடுத்த மூச்சில் எங்கள் உதவியாளரின் பக்கம் திரும்பி, அவர் பெயரைச் சொல்லி, “தண்ணி கொண்டா” என்றான். அந்த அம்மாவுக்கு அப்போது 52 வயது. “இந்தா வந்துட்டேன் சாமி” என்று டம்ளரோடு எழுந்து ஓடினார்.

‘சாமி’ என்பதும் எங்கள் பக்கம் கொஞ்சுகிற சொல்தான். எந்தப் பிள்ளையையும் யாரும் சாமி என்பார்கள். அதனால் அதுவரை நான் காது கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் கவனித்துப் பார்த்தேன். தன் தெருப் பிள்ளைகளை அவர் ‘கண்ணு’ என்கிறார், ‘தங்கம்’ என்கிறார். ‘சாமி’ எல்லாம் ஊருக்குள்ளிருந்து வரும் பிள்ளைகளுக்கு மட்டும். சொந்த அப்பத்தாவைப் பிள்ளைகள் நீ, வா என்பதில் உரிமை இருக்கிறது. அந்தப் பையன் குரலில் இருந்தது வேறு. அது அவனுடைய அப்பாரு வேலையாளைக் கூப்பிடுகிற குரல்.

அவனுக்கு யாரும் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் யாருக்கு ‘ங்க’, யாருக்கு இல்லை என்பதை நாலு வயதுக்குள் பிசகாமல் கற்றுவிட்டான். எங்கே கற்றான் என்று வீட்டைக் கைகாட்ட எனக்கு வாய் வரவில்லை. 15 வருடமாக நானும் அந்த அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் என்னைவிட மூத்தவர். நான் ஊருக்குள் வீடு உள்ளவள், அவர் காலனியிலிருந்து வருகிறவர் என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் இல்லை. தினமும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் 20 பிள்ளைகளுக்கு நான் நடத்திய முதல் பாடம் அதுதான் என்று நினைத்தபோது நெஞ்சு அடைத்தது.

அதே மாதம்தான் செய்தித்தாளில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கத்துச் செய்தி. ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று பெற்றோர்கள் திரண்டார்கள். அவரை இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு வந்தபின் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். எங்கள் உதவியாளர் அந்தத் தாளில் சுண்டல் மடித்துக் கொண்டிருந்தார். படித்தாரா என்று நான் கேட்கவில்லை.

“கொழந்தைக்கு என்ன தெரியும்” என்று சொல்கிறோமே, அதைப்போல் தப்பான பேச்சு வேறு இல்லை. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்று கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940களில் ஒரு சோதனை செய்தார்கள். நிறம் தவிர மற்றதெல்லாம் ஒன்றுபோல் இருக்கும் பொம்மைகளை மூன்றிலிருந்து ஏழு வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகள் முன் வைத்து, நல்ல பொம்மை எது, கெட்ட பொம்மை எது என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்று எடுத்தார்கள். உன்னைப்போல் இருக்கும் பொம்மை எது என்ற கடைசிக் கேள்விக்குச் சில பிள்ளைகள் அழுதுவிட்டன. 1954இல் கறுப்பருக்குத் தனிப் பள்ளி கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்தச் சோதனையும் எடுத்துக்காட்டப்பட்டது.

இதைப் படிக்கும்போது எனக்குக் கிரேயான் டப்பா ஞாபகம் வரும். மனித உருவம் வரையச் சொன்னால் பிள்ளைகள் “ஸ்கின் கலர் குடுங்க மிஸ்” என்று கை நீட்டும். கேட்பது அந்த வெளிறிய இளஞ்சிவப்பை. அந்த அறையில் ஒருவர் தோலும் அந்த நிறத்தில் இல்லை, என்னுடையதும் சேர்த்து. கிரேயோலா கம்பெனி ‘ஃபிளெஷ்’ (சதை) என்று அந்த நிறத்துக்கு வைத்திருந்த பெயரை 1962லேயே ‘பீச்’ பழத்தின் பெயராக மாற்றிவிட்டது. நம் பிள்ளைகள் வாயில் இன்னும் அது ஸ்கின் கலர். நான் செய்தது சின்ன வேலை. பழுப்பு, காப்பி, மஞ்சள், கறுப்பு எல்லாவற்றையும் தாளில் தேய்த்து, ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பக்கத்தில் வைத்து, “உன்ற ஸ்கின் கலர் எதுன்னு கண்டுபுடி” என்றேன். “அவ ஏன் மிஸ் இத்தன கருப்பு?” என்று ஒன்று கேட்டது. பக்கத்தில் நின்ற தாய் “உஸ்” என்றார். அப்படி அதட்டி வாயை மூடினால், கறுப்பு என்பது வெளியே சொல்லக்கூடாத குறை என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். எல்லார் தோலுக்குள்ளும் ஒரு மை இருக்கிறது, சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம், வெயிலிலிருந்து நம்மைக் காப்பாற்றுவது அதுதான் என்று சொன்னேன். கேட்ட பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது.

வெளிநாடுகளில் இதற்குப் பெயர் வைத்து முறையாகச் செய்கிறார்கள். லூயிஸ் டெர்மன் ஸ்பார்க்ஸ் என்ற ஆசிரியை கலிஃபோர்னியாவில் சக ஆசிரியர்களோடு சேர்ந்து 1989இல் இதற்கென்றே ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பிள்ளை தன்னைப் பற்றிக் கூசாமல் இருக்க வேண்டும், தன்னைப்போல் இல்லாதவரோடு இயல்பாகப் பழக வேண்டும், அநியாயம் நடந்தால் அது அநியாயம் என்று தெரிய வேண்டும், அதை எதிர்த்துத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நம் பாடப்புத்தகங்களிலும் முன்பக்கத்தில் தீண்டாமை பாவம், குற்றம் என்று அச்சடித்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் அந்தப் பக்கம் வருகிறது. ‘ங்க’ பாடம் அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

அந்த முறையில் ஒரு பொம்மை உண்டு. அதற்குப் பெயர், குடும்பம், சுகதுக்கம் எல்லாம் வைத்துப் பிள்ளைகளிடம் பேச வைப்பார்கள். எங்கள் உதவியாளர் ஒரு பழைய சேலையைக் கிழித்து, இலவம்பஞ்சு அடைத்து அப்படி ஒரு பொம்மை தைத்துக் கொடுத்தார். பொன்னி என்று பெயர் வைத்தோம். அவள் அம்மா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகிறவர். வாரம் ஒரு நாள் பொன்னி பையிலிருந்து வெளியே வருவாள். ஒரு நாள், “பொன்னி இன்னிக்கு அழுவுறா. ஒரு பாப்பா இவளப் பக்கத்துல உக்காராதேன்னு சொல்லிருச்சு. என்ன பண்ணலாம்?” என்று கேட்டேன். “நான் உக்காந்துக்கறேன் மிஸ்” என்று ஒருவன் நகர்ந்து இடம் விட்டான். ஒரு பெண் குழந்தை யோசித்து, “அவளத் தண்ணி வாத்துட்டு வரச் சொல்லுங்க” என்றது. வீட்டில் காதில் விழுந்த பேச்சு அது. நான் கோபப்படவில்லை. “பொன்னி தெனமும் குளிச்சுட்டுத்தான கண்ணு வர்றா” என்றேன். குழந்தை பொம்மையை வாங்கித் தலையை மோந்து பார்த்தது. “ஆமா மிஸ், சோப்பு வாசம்” என்று மடியில் வைத்துக்கொண்டது.

மாறியது முதலில் நான். உதவியாளரை ‘அக்கா’ என்றும் ‘வாங்க’ என்றும் கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. “எதுக்குங்க டீச்சரம்மா, நாலு பேரு என்ன சொல்லுவாங்க” என்று பயந்தார். பயம் நியாயம்தான். என்னைத் திட்ட ஆளில்லை, சொல் வாங்கப்போவது அவர். ஒரு மாதம் கழித்துப் பிள்ளைகளிடம், “இங்க எல்லாருக்கும் ங்க” என்றேன். பிள்ளைகள் விளையாட்டாகப் பிடித்துக்கொண்டன. காக்காவுக்கும் வாங்க, பூனைக்கும் வாங்க. அந்தப் பையன் “அக்கா, தண்ணி குடுங்க” என்றபோது அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

மறுநாளே அவனுடைய அப்பத்தா வந்துவிட்டார். “ஏனுங் டீச்சர், எங்கூட்டுப் பையன் போயி அவள வாங்க போங்கன்னு கூப்புடோணுமா? நீங்க அனா ஆவன்னா சொல்லிக் குடுத்தாப் போதுமுங்.” நான் சட்டம் பேசவில்லை. உட்காரச் சொன்னேன். “உங்க பேரன் நல்லாப் பேசறானுங்க, யாரைப் பாத்தாலும் மரியாதை. நீங்க வளத்த வளப்பு” என்றேன். அவருக்குப் பதில் வரவில்லை. ஆனால் கோபமும் தணியவில்லை, இரண்டு நாள் பையனை அனுப்பவில்லை.

அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர் அவன் அப்பா. நாமக்கல் லாரியில் டிரைவர். தாய்மார் கூட்டத்துக்குத் தகப்பன்கள் வருவதே அபூர்வம். அன்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், தானாகப் பேசினார். “வடக்க லோடு எறக்கப் போனா, அங்க நம்பள எவனும் பேரச் சொல்லிக் கூப்புடறதில்லீங்க. ஏ மதராசின்னுதான். பதினெட்டு வயசுப் பையன் கூப்புடுவான். எனக்கு மேலெல்லாம் எரியும்.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூட்டத்தில் இருந்த தாய்மார்கள் அமைதியாக இருந்தார்கள். நான் அச்சடித்த தாளை வைத்து நடத்திய எந்தக் கூட்டமும் அந்த அளவுக்குப் போனதில்லை. அவமானம் என்றால் என்னவென்று ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஞாபகத்தைப் பேச வைத்துவிட்டால் பாதி வேலை முடியும் என்று நான் கற்றது அன்றுதான்.

ஒடிசாக் குடும்பத்துப் பையன் பிறகு வந்தான். மூன்றரை வயது. பிள்ளைகள் அவனை ‘இந்திக்காரப் பையன்’ என்றார்கள். ஊரே அப்படித்தான் சொன்னது. அவன் பேசியதோ ஒடியா. அவன் அப்பாவிடம் நாலு சொல் கேட்டு எழுதி வைத்தேன். தண்ணீருக்குப் பாணி. முட்டைக்கு அண்டா. முட்டை போடுகிற நாளில் “இன்னிக்கு எல்லாருக்கும் அண்டா” என்றேன். ஒருத்தி சமையல் அண்டாவை எட்டிப் பார்த்து, “அண்டாவுக்குள்ள அண்டா!” என்று கத்தினாள். அறையே சிரித்தது. வந்ததிலிருந்து வாயே திறக்காத அவன், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். கரும்பு வெட்டு முடிந்ததும் அந்தக் குடும்பம் போய்விட்டது. 2023 மே மாதம் ஜேடர்பாளையம் பக்கத்தில் ஒரு வெல்ல ஆலையில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் படுத்திருந்த கொட்டகைக்குத் தீ வைத்தார்கள் என்ற செய்தி வந்த அன்று, எனக்கு முதலில் கண்ணில் வந்தது அந்தப் பையன் முகம்.

அதே வருடம் செப்டம்பரில், காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், காலை உணவைச் சமைப்பவர் அருந்ததியர் என்று பெற்றோர்கள் பலர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே வந்து, பள்ளியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டி எச்சரிக்க வேண்டியிருந்தது. நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதும் 2023 ஆகஸ்டில்தான். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்பதோடு, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு வேண்டும் என்றும் அது சொன்னது. அந்த அறிக்கையை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 11 வயது. அங்கன்வாடிக்கு வருவது இரண்டு வயதில். தொடக்கம் அங்கே வேண்டும். பணியாளருக்கு முதலில் பயிற்சி வேண்டும், எனக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் 15 வருடம் வீணாகியிருக்காது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததைக் கேட்டு, எங்கள் மையத்து வருகைப் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளின் முகவரியில் என் கையால் அந்தச் சொல்லை எழுதியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அப்பத்தா பிறகும் பேரனைக் கூட்டிப்போகத் தினமும் வருவார். ஒரு நாள் உதவியாளர் அக்கா என்னிடம் தனியாக, “பாத்தீங்களாங் டீச்சர், அந்தம்மா இப்பெல்லாம் என்னைய வான்னு சொல்றதில்லீங்க” என்றார். நான் கவனித்தேன். உண்மைதான். ‘வாங்க’ என்றும் சொல்லவில்லை. “பையன் கெளம்பிட்டானா?” என்கிறார். “தண்ணி இருக்குதா?” என்கிறார். நீ, நீங்க இரண்டும் வராதபடி வாக்கியத்தைத் தேடித் தேடிப் பேசுகிறார். அந்த வருடம் முடியும்வரை அப்படியேதான் பேசினார். அக்கா ஒவ்வொரு முறையும் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்பத்தா டம்ளரை அக்கா கையிலிருந்தே வாங்கிக் குடித்தார்.