'நீங்க எந்தக் கட்சி பேப்பர்?'... வாசகர் கேட்டால் பதில் சொல்வது யார்?

சென்னை: "அந்த பேப்பரா? அது அவங்களுக்கு ஜால்ரா தட்டும்பா". டீக்கடையில் பேப்பர் விரியும் இடமெல்லாம் கேட்கிற பேச்சு இது. முரசொலி மாதிரி கட்சிப் பத்திரிகைக்கு இதில் பிரச்சனையே இல்லை. வாங்குகிறவர் தெரிந்தேதான் வாங்குகிறார். 'நாங்க யார் பக்கமும் இல்லை' என்று சொல்லிக் கொள்ளும் பத்திரிகைகளுக்குத்தான் தலைவலி.

முன்பெல்லாம் கோபம் வந்தால் வாசகர் ஒரு கார்டு எழுதிப் போடுவார். ஆசிரியர் மனசு வைத்தால் அச்சில் வரும், இல்லாவிட்டால் குப்பைக் கூடைதான். இன்டர்நெட் வந்த பிறகு கதையே மாறிப் போச்சு. திட்டு மொத்தமாக வருகிறது, அதுவும் ஊரறிய!

இதில் வசமாகச் சிக்கியது அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட். வாட்டர்கேட் ஊழலைக் கிளறி அதிபர் நிக்சனையே ஆட்டம் காண வைத்த அதே பத்திரிகைதான்.

இங்கு 1970ம் ஆண்டிலிருந்தே 'ஆம்புட்ஸ்மேன்' என்று ஒருவர் இருந்தார். வாசகர் புகாரை விசாரித்து, தவறு நடந்திருந்தால் சொந்தப் பத்திரிகையிலேயே போட்டு உடைப்பது அவர் வேலை. சம்பளம் பத்திரிகை தரும். ஆனால், ஒப்பந்தக் காலம் முடியும் வரை ஆசிரியரே நினைத்தாலும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. மாமனார் வீட்டில் சாப்பிட்டுக் கொண்டே மாமனார் கணக்கில் ஓட்டை தேடுகிற மாதிரியான பொழப்பு!

2006 ஜனவரியில் அந்த நாற்காலியில் இருந்தவர் டெபோரா ஹோவெல். அப்போது ஜாக் ஆப்ரமாஃப் என்ற அரசியல் தரகரின் ஊழல் சந்தி சிரித்துக் கொண்டிருந்தது. சூதாட்ட விடுதி நடத்தும் பழங்குடி இனத்தவர்களிடம் கோடி கோடியாகக் கறந்த ஆசாமி. ஜனவரி 3ம் தேதி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக் கொண்டார். குடியரசுக் கட்சிக்கு ரொம்ப நெருக்கம்.

ஜனவரி 15ம் தேதி ஹோவெல் எழுதிய கட்டுரையில், ஆப்ரமாஃப் இரண்டு கட்சிகளுக்கும் பணம் கொடுத்தார் என்று வந்து விட்டது. அவரது சொந்தப் பணம் போனது குடியரசுக் கட்சிக்கு மட்டுமே. ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்குப் போனது அவரிடம் வேலை கொடுத்த பழங்குடியினரின் பணம். அதில் ஒரு பகுதி அவர் கை காட்டிய இடத்துக்குப் போனது.

அவ்வளவுதான், வாசகர்கள் வெளுத்து வாங்கி விட்டனர். 'ஆளுங்கட்சியைக் காப்பாற்றப் பார்க்கிறீர்களா?' என்று போஸ்ட்டின் இணையதளத்தில் சரமாரி. சிலர் அசிங்கமாகவும் எழுத, ஜனவரி 19ம் தேதி அந்தப் பகுதியையே மூடிவிட்டது பத்திரிகை. 'பதில் சொல்ல முடியாமல் கதவைச் சாத்திட்டாங்க' என்று சத்தம் இன்னும் கூடியது.

ஜனவரி 22ம் தேதி ஹோவெல் வழிக்கு வந்தார். 'கொடுத்தார்' என்பதற்குப் பதில் 'கொடுக்கச் சொன்னார்' என்று எழுதியிருக்க வேண்டும் என ஒப்புக் கொண்டார். ஒரு வாரம் லேட்தான். ஆனாலும், சொந்தப் பெயரில் ஒருத்தர் பதில் சொன்னார்.

இந்தக் கூத்து நடந்த அதே 2006ல், மார்ச் மாதம் சென்னையில் தி இந்து நாளிதழ் கே. நாராயணனை 'ரீடர்ஸ் எடிட்டர்' ஆக நியமித்தது. வேலை கிட்டத்தட்ட அதேதான்.

நியூயார்க் டைம்ஸ் கதை வேறு. அதன் நிருபர் ஜேசன் பிளேர் இட்டுக்கட்டி செய்தி எழுதியது 2003ல் அம்பலமாகி மானம் போன பிறகே, டேனியல் ஓக்ரன்ட் என்பவரை இந்த வேலைக்கு அமர்த்தியது. 2004ல் அவர் போட்டாரே ஒரு போடு! இது ஒரு சார்பான பத்திரிகையா என்று அவரே கேட்டு, கருக்கலைப்பு, துப்பாக்கிக் கட்டுப்பாடு போன்ற சமூக விஷயங்களில் ஆமாம் என்று அதே பத்திரிகையில் எழுதினார்.

ஆனால், இந்த வழக்கம் நிலைக்கவில்லை. போஸ்ட் 2013ல் ஆம்புட்ஸ்மேனுக்கு மூடுவிழா நடத்தியது. டைம்ஸ் 2017ல் கைகழுவியது. இன்டர்நெட்டில் இருக்கும் வாசகர்களே இப்போது எங்களைக் கண்காணிக்கிறார்களே, தனியாக ஒரு ஆள் எதற்கு என்பது டைம்ஸ் சொன்ன காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே இருந்து ஆயிரம் பேர் கத்தலாம். ஆபீசுக்குள் போய், 'யார் எழுதினது, ஏன் எழுதினது?' என்று கேட்க அவர்களால் முடியுமா?

போஸ்ட்டை 2013ல் 25 கோடி டாலருக்கு வாங்கியவர் அமேசான் அதிபர் ஜெஃப் பெசோஸ். 2024 அக்டோபர் 25ம் தேதி, அதிபர் தேர்தலில் யாரையும் ஆதரிக்கப் போவதில்லை என்று பத்திரிகை அறிவித்தது. கமலா ஹாரிசை ஆதரிக்கும் தலையங்கம் ஏற்கனவே தயாராகியிருந்தது! கட்டுரையாளர்கள் பலரே கொதித்தனர். ஆதரவுத் தலையங்கம் போட்டால் ஒருதலைப்பட்சம் என்ற எண்ணம் வரும் என்று பெசோஸ் தன் கையால் விளக்கம் எழுதினார்.

விளக்கம் எடுபடவில்லை. சில நாட்களிலேயே 2.5 லட்சம் பேர் சந்தாவை ரத்து செய்தனர். மொத்த சந்தாதாரர்களில் சுமார் 10 சதவீதம். அப்போது ஆம்புட்ஸ்மேன் நாற்காலி காலியாகி 11 வருஷம் ஆகியிருந்தது.