வீட்டில் உருவாகும் வானூர்தி

மாணவர்களே, வானூர்தி என்றவுடன் பெரிய தொழிற்சாலையும் அதில் பணிபுரியும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அமெரிக்க நாட்டில் தம் வீட்டுக் கார்க் கொட்டகையிலேயே வானூர்தியைக் கட்டி, அதில் தாமே ஏறிப் பறப்போர் பலர் உள்ளனர். அவர்கள் கட்டுபவை பொம்மைகள் அல்ல. இருவர் அமர்ந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவு செல்லத்தக்க உண்மையான ஊர்திகள்.

இதற்கு அந்நாட்டுச் சட்டமே இடம் தருகிறது. வானூர்தியின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ ஒருவர் தாமே செய்திருந்தால், அது ‘சோதனை வானூர்தி’ என்னும் பிரிவில் பதிவு செய்யப்படும். பேச்சுவழக்கில் இதனை ‘51 விழுக்காடு விதி’ என்பர். பாதிக்கு மேற்பட்ட வேலை கட்டுபவருடையதாக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். இத்தகையோரை ஒன்றிணைக்க, பால் போபெரெஸ்னி என்பவர் 1953-இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்தினர் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் ஆண்டுதோறும் கூடுகின்றனர். வீட்டில் கட்டிய வானூர்திகளில் பறந்தே அங்கு வந்து இறங்குவோர் ஏராளம்.

கட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வரைபடங்களை மட்டும் விலைக்கு வாங்கி, பொருள்களைத் தேடிச் சேர்த்து, ஒவ்வோர் உறுப்பையும் தாமே செய்வது. மற்றொன்று, ‘கிட்’ எனப்படும் உறுப்புத் தொகுப்பை வாங்குவது. தொகுப்பில் உடற்கூடும் இறக்கை ஓடுகளும் அச்சில் வார்க்கப்பட்டே வந்துவிடும். அவற்றை ஒட்டி இணைப்பதும், கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் எஞ்சினையும் பொருத்துவதும் வாங்கியவரின் வேலை. 1980-ஆம் ஆண்டையொட்டி விற்பனைக்கு வந்த ‘கிளாஸ்ஏர்’ என்னும் தொகுப்பு இவ்வகையில் முன்னோடி. தொகுப்பு நேரத்தைச் சேமிக்கும்; ஆயினும் அச்சிற்கும் வார்ப்பிற்கும் உரிய விலையையும் நாமே கொடுக்க வேண்டும்.

அச்சே இல்லாமல் கண்ணாடி இழையால் வானூர்தி செய்ய முடியுமா? இவ்வினாவுக்கு விடை கண்டவர் பர்ட் ரூட்டன் என்னும் பொறியாளர். கலிபோர்னியாவின் மொகாவி பாலைவனத்தில் சிறிய பட்டறை ஒன்றை நடத்திவந்த அவர், 1975-இல் ‘வேரி-ஈஸி’ என்னும் வானூர்தியையும், 1979-இல் அதனினும் சற்றுப் பெரிய ‘லாங்-ஈஸி’யையும் பறக்கவிட்டார். இவற்றின் வரைபடங்களை வாங்கியவர்கள் உலகின் பல நாடுகளில் தம் கொட்டகைகளில் வேலையைத் தொடங்கினர். அவருடைய முறையைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் பொருளை அறிய வேண்டும். மண்ணால் மட்டும் எழுப்பிய சுவர் வெடிக்கும். அம்மண்ணில் வைக்கோலை மிதித்துக் கலந்தால் வெடிக்காது. வைக்கோல் இழுவிசையைத் தாங்குகிறது. மண் வைக்கோலை அதன் இடத்தில் பிடித்துவைக்கிறது. இவ்வாறு தன்மையால் வேறுபட்ட இரண்டு பொருள்கள் சேர்ந்து மூன்றாவது வலிமையைத் தருமாயின், அதனைக் கூட்டுப்பொருள் என்கிறோம். வானூர்தியில் வைக்கோலின் இடத்தில் கண்ணாடி இழைத் துணியும், மண்ணின் இடத்தில் எப்பாக்சி பிசினும் உள்ளன. தமிழகக் கடற்கரையில் மீனவர்கள் ‘பைபர் படகு’ என்று கூறுவதும் கண்ணாடி இழையால் ஆனதே. அதில் பிசின் மட்டும் வேறு வகை. பெங்களூரில் உருவாக்கப்பட்டு 1993-இல் முதன்முதலாகப் பறந்த ‘ஹன்சா’ என்னும் பயிற்சி வானூர்தியும் கூட்டுப்பொருளால் ஆனதே. இன்று போயிங் 787 ஊர்தியின் எடையில் ஏறத்தாழப் பாதி கூட்டுப்பொருளே.

இனி, ரூட்டனின் இறக்கைக்குள் இருப்பது என்ன? நுரைப்பொருள். கடைகளில் ‘தெர்மோகோல்’ என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா, அதன் நெருங்கிய உறவு. நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் அப்பொருள் ஒரு மனிதரை எவ்வாறு வானில் தாங்கும்? பனை மரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் வைரம் வெளிப்புறத்தில் உள்ளது. உள்ளே மென்மையான சோறு. தொல்காப்பியத்தின் மரபியல் இத்தகையவற்றைப் புறக்காழ் என்றும், உள்ளே வைரம் பாய்ந்த மரங்களை அகக்காழ் என்றும் பிரித்துக் கூறுகிறது. ரூட்டனின் இறக்கை ஒரு புறக்காழ். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைய முயலும். அப்போது மேல்தோல் அழுத்தப்படும், கீழ்த்தோல் இழுக்கப்படும். விசையைத் தாங்குவன இவ்விரு தோல்களே. நடுவிலுள்ள நுரையின் வேலை, அவை ஒன்றையொன்று நெருங்காமலும் விலகாமலும் காப்பது. தோல்களுக்கு இடையிலுள்ள தொலைவு கூடக்கூட விறைப்பும் கூடும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது வெட்டிய பனந்துண்டு ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், அதன் குறுக்குவெட்டை உற்று நோக்குங்கள்.

நுரையை வெட்டக் கத்தி பயன்படாது. மின்சாரத்தால் சூடேற்றிய நிக்ரோம் கம்பியே பயன்படும். திருமண மேடை அலங்காரத்திற்குத் தெர்மோகோலில் எழுத்து வெட்டுவோரும் இத்தகைய கம்பியையே கையாளுகின்றனர். இறக்கையின் குறுக்குவெட்டு வடிவில் இரண்டு தகடுகளைச் செய்து, நுரைக் கட்டையின் இரு முனைகளிலும் அறைவர். தகடுகளின் விளிம்பைச் சுற்றி எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். கம்பியின் ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை மற்றொருவரும் பிடித்துத் தகட்டின் மேல் நகர்த்த, ஒருவர் தாம் இருக்கும் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே செல்வார். ஒரு முனையில் தகடு பெரிது, மறுமுனையில் சிறிது; எனவே இருவரின் வேகமும் ஒன்றாக இராது. ஆனால் எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் முந்தினால் இறக்கை திருகிப்போகும். கணவன் மனைவியாக, தந்தை மகளாகப் பலர் இவ்வேலையைச் செய்துள்ளனர். தனியாகச் செய்ய இயலாத வேலை இது. (எல்லா நுரையையும் சூட்டுக்கம்பியால் வெட்டக் கூடாது. யூரித்தேன் நுரையைச் சுட்டால் நச்சுப்புகை எழும். அதனைக் கத்தியால்தான் செதுக்க வேண்டும்.)

அடுத்தது துணி போர்த்தும் வேலை. பிசினையும் அதனை இறுகச் செய்யும் கடினமாக்கியையும் தராசில் நிறுத்து, குறித்த விகிதத்தில் கலக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் ஊற்றினால் விரைவில் இறுகும்’ என்னும் கணக்கு இங்கே எடுபடாது. விகிதம் தவறினால் பிசின் முழுமையாக இறுகாமல் போகும். ஒரே கிண்ணத்தில் மிகுதியாகக் கலந்து வைத்தால் அது தானே சூடேறிப் புகையும். ஆதலால் சிறிது சிறிதாகக் கலப்பர். கையுறை இன்றித் தொடுவோருக்கு நாளடைவில் ஒவ்வாமை வரக்கூடும். வந்துவிட்டால் அந்த வேலையையே கைவிட நேரிடும்.

பிசின் ஊறாத கண்ணாடித் துணி வெண்மையாக இருக்கும். ஊறியதும் ஒளி ஊடுருவும். அடியிலுள்ள நுரையின் நிறம் தெரியும். எங்கேனும் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று சிக்கியுள்ளது என்று பொருள். அதனைத் தூரிகையால் குத்தி வெளியேற்ற வேண்டும். இழைகள் நேராகக் கிடப்பதும் இன்றியமையாதது. முறுக்கைத் தாங்கும் இழைகள் இறக்கையின் நீளத்திற்குச் சாய்வாகவும், வளைவைத் தாங்கும் இழைகள் நீளவாக்கிலும் செல்லும். நெளிந்து கிடக்கும் இழை, நிமிர்ந்த பின்னரே விசையைத் தாங்கத் தொடங்கும். அதற்குள் பிசின் விரிசல் கண்டுவிடும். போர்த்திய சில மணி நேரம் கழித்து, துணி தோல்போல் இருக்கும் பருவத்தில் விளிம்புகளைக் கத்தியால் அறுக்கலாம். அப்பருவம் தப்பினால் வாளால் அறுக்க வேண்டியதுதான்.

தமிழில் ‘இழை’ என்றால் நூல். ‘இழைத்தல்’ என்றால் தேய்த்து மெருகேற்றல். இந்த வானூர்தி இழையால் பிறந்து இழைத்தலால் முடிகிறது. மேற்பரப்பை நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் நிரப்பி, மீண்டும் தேய்ப்பதிலேயே மாதங்கள் கழியும். முழு ஊர்திக்கும் ஆயிரம் மணி நேரத்திற்கு மேல் உழைப்பு தேவைப்படும். இறுதியில் பூசுவது பெரும்பாலும் வெள்ளை வண்ணம். அழகு கருதி அன்று; அடர்நிறம் வெயிலில் சூடேறும், சூட்டில் பிசின் இளகும் என்பதால்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது எடையில்தான். பிசின் மிகுந்தால் வலிமை மிகும் என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது. துணி நனையும் அளவுக்கு மேல் உள்ள பிசின் வெறும் சுமை. எனவே தொடக்கத்திலேயே சிறிய மாதிரித் துண்டுகளைச் செய்து, நிறுத்துப் பார்த்துக் கைத்திறனைச் சோதித்துக்கொள்வர். லாங்-ஈஸியின் வெற்று எடை ஏறத்தாழ 320 கிலோ. மூன்று ஸ்கூட்டர்களின் எடை எனலாம். எடையைக் குறைப்பதில் ரூட்டன் எவ்வளவு தொலைவு சென்றார் என்பதற்கு ‘வாயேஜர்’ சான்று. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அவ்வூர்தி மூன்று டன்னுக்கும் மேலான எரிபொருளைச் சுமந்தது. 1986 டிசம்பர் 14 அன்று புறப்படும்போது அதன் இறக்கை முனைகள் ஓடுபாதையில் உரசித் தேய்ந்தன. இருப்பினும் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்து சேர்ந்தனர்.

கட்டி முடித்தவுடன் பறந்துவிட முடியாது. தோலில் நாணயத்தால் தட்டிக் கேட்பர். நன்கு ஒட்டிய இடம் கணீரென ஒலிக்கும், ஒட்டாத இடம் மந்தமாக ஒலிக்கும். பின் எடையும் சமநிலையும் அளக்கப்படும். லாங்-ஈஸியில் எஞ்சின் பின்புறம் இருப்பதால், விமானி இறங்கியதும் அது பின்பக்கமாகச் சாயக்கூடும். அதனால் முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி, மண்டியிட்ட யானைபோல் நிறுத்திவைப்பர். அரசு ஆய்வாளர் பார்த்துச் சான்றளித்த பின்னும், குறித்த எல்லைக்குள் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறப்பை முடிக்க வேண்டும். அதன் பின்னரே பயணியை ஏற்றலாம். அப்பயணியின் கண்ணில் படும்படி, ‘இது தொழில்முறை சாராதவர் கட்டியது, வழக்கமான வானூர்திக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதன்று’ என்னும் பொருளில் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும்.

கட்டியவருக்கு மற்றோர் உரிமையும் உண்டு. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பரிசோதனையை அந்த ஒரு வானூர்திக்கு மட்டும் தாமே செய்து கையொப்பமிடச் சான்று பெறலாம். அவர் அதனை விற்றால், வாங்குபவருக்கு அவ்வுரிமை செல்லாது. ஊர்தியின் ஒவ்வோர் இணைப்பும் எங்கே உள்ளது என்று கட்டிய கைக்குத் தெரியும். வாங்கிய கைக்குத் தெரியாது.

1997 அக்டோபர் 12 அன்று, புகழ்பெற்ற பாடகர் ஜான் டென்வர் தாம் புதிதாக வாங்கியிருந்த லாங்-ஈஸி ஒன்றில் கலிபோர்னியக் கடற்கரையை ஒட்டிப் பறந்தபோது கடலில் விழுந்து உயிரிழந்தார். தேர்ந்த விமானி அவர். ஆனால் இவ்வகை ஊர்தியில் அவருக்குப் பழக்கம் குறைவு. புறப்படும்முன் எரிபொருள் நிரப்பிக்கொள்ளவும் இல்லை. எந்தத் தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருள் செல்ல வேண்டும் என்பதை மாற்றும் அடைப்பான், விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் இருந்ததை விசாரணையினர் கண்டனர். அதனைத் திருப்ப உடலை முறுக்கித் திரும்ப வேண்டும். திரும்பும்போது வலக்கால் தன்னையறியாமல் திசைமாற்றி மிதியை அழுத்திவிடக் கூடும். எரிபொருள் குழாய் விமானி அமரும் அறைக்குள் வரக் கூடாது என்னும் நல்லெண்ணத்தால், முதலில் கட்டியவர் அவ்வடைப்பானை அங்கே அமைத்திருந்தார். ரூட்டனின் வரைபடத்தில் அது விமானியின் இரு கால்களுக்கும் நடுவே, கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.