கைக்குள் ஒரு குறும்பு

ஸ்டீவ் ஜாப்ஸோடு சேர்ந்து ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் வாஸ்னியாக், 1968-69-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர். அப்போது உள்ளங்கையில் மறைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் செய்தார். விடுதியின் பொது டிவியில் படத்தைக் கலக்குவதுதான் அதன் வேலை. கூட்டம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் கருவியை இயக்குவார். விஷயம் தெரிந்த நண்பர் எழுந்துபோய் டிவியை ஓங்கித் தட்டுவார். உடனே படம் தெளிந்துவிடும்.

தட்டினால் சரியாகும் என்று எல்லோரும் நம்பியபிறகு, தட்டியும் பலிக்காதபடி வாஸ்னியாக் கருவியை இயக்கினார். ஆளாளுக்கு எழுந்துவந்து குமிழைத் திருகினார்கள். கடைசியில் ஒரு மாணவர் திரையின் நடுவே கையை வைத்து, ஒரு காலைத் தூக்கியபடி நின்றால்தான் படம் தெளிகிறது என்று அப்படியே நிற்க, மற்றவர்கள் நிகழ்ச்சியைப் பார்த்தார்கள்!

கருவி மிக எளியது. எப்போது அமுக்குவது, எப்போது விடுவது என்பதில்தான் கைவண்ணம் இருந்தது. எதுவும் உடையவில்லை. விரலை எடுத்தால் குறும்பு முடிந்தது. அதே வாஸ்னியாக் பள்ளியில் படித்தபோது, டிக் டிக் என்று ஒலிக்கும் பெட்டி ஒன்றை லாக்கருக்குள் வைத்துவிட்டுப் போனார். வெடிகுண்டு என்று பயந்து பள்ளி முதல்வரே அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார். வாஸ்னியாக் ஓர் இரவு சிறார் காப்பகத்தில் இருக்க நேர்ந்தது. உயிர்ப்பயம் காட்டுவதைக் குறும்புக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

டிவி சிக்னலைக் கலக்கும் கருவி இன்று பல நாடுகளில் சட்டவிரோதம். டிவியோடு குறும்பு செய்யும் ஆசைக்கு நல்ல வழிகாட்டி, கண்டுபிடிப்பாளர் மிட்ச் ஆல்ட்மன். உணவகத்தில் நண்பர்களோடு பேசும்போது எல்லோருடைய கண்களும் டிவி பக்கமே போவதைக் கவனித்து, 2004-ல் ‘டிவி-பி-கான்’ என்ற சாவிக்கொத்து ரிமோட்டைக் கொண்டுவந்தார். ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் பல கம்பெனி டிவிக்களை அணைக்கும் குறியீடுகளை வரிசையாக அனுப்பும்.

பிற்பாடு இதன் சர்க்யூட்டை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதனால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப், சில அகச்சிவப்பு எல்.இ.டி.க்கள், டிரான்சிஸ்டர்கள், இரண்டு பேட்டரி. சிப் தரும் கரன்ட் எல்.இ.டி.க்களுக்குப் போதாது, அதைப் பெருக்கத்தான் டிரான்சிஸ்டர். வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு உண்டு என்பதால், ரிமோட் தன் ஒளியை நொடிக்கு சுமார் 38,000 முறை துடிக்க வைக்கிறது. டிவியில் உள்ள சென்சார் அந்தத் துடிப்பைத்தான் தேடும். சால்டரிங் செய்யும்போது எல்.இ.டி.யின் நீளக்கால் பாசிட்டிவ் பக்கம் போகவேண்டும். முடித்ததும் செல்போன் கேமராவில் பாருங்கள்: வெறும் கண்ணுக்கு இருட்டாக இருக்கும் எல்.இ.டி., பல போன்களின் திரையில் ஊதா நிறத்தில் மின்னும். முதன்முறை அதைப் பார்க்கும் சிறுவனுக்கு இயற்பியல் பாடமே அங்கே தொடங்கிவிடும்.

இடம் பார்த்து அமுக்க வேண்டும். 2008-ல் லாஸ் வேகாஸில் நடந்த சி.இ.எஸ். மின்னணுக் கண்காட்சியில், ‘கிஸ்மோடோ’ என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தினர் இந்த ரிமோட்டால் அரங்குகளின் டிவிக்களை வரிசையாக அணைத்தார்கள். மேடையில் ஒருவர் விளக்கவுரை தந்துகொண்டிருந்தபோதும் விடவில்லை. அவர்களில் ஒருவருக்குக் கண்காட்சியில் நுழையவே தடை விதிக்கப்பட்டது, நியாயமான தண்டனைதான். பிழைப்புக்காகப் பேசிக்கொண்டிருப்பவரின் திரையை அணைப்பது வேறு, வீட்டுக்கூடத்தில் மாமாவின் கிரிக்கெட்டை ஒரு நிமிஷம் நிறுத்துவது வேறு. பெரும்பாலான டிவிக்களில் அணைக்கவும் போடவும் ஒரே குறியீடுதான். மாமா சோபாவை விட்டு எழுவதற்குள் மறுபடி அமுக்கிவிடலாம்.