முட்டித் தேய்மானத்தை முன்பே காட்டுமா ராமன் ஒளி?

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக முதலில் நடப்பட்டது மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். பின்னர் மாநிலமெங்கும் பரவிய தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். விடியும் முன்பே குனிந்தும் குந்தியும் பால்மரம் வெட்டினர்; பால் வாளிகளையும் பிறகு செம்பனைக் குலைகளையும் சுமந்தனர்.

அடிக்கடி குந்துவதும் மண்டியிடுவதும் பாரம் தூக்குவதும் முட்டித் தேய்மானத்தைக் கூட்டும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. ஆனால், ‘வயதானால் வலிக்கத்தானே செய்யும்’ என்று சொல்லிக்கொண்டே பலர் ஆண்டுகளைக் கடத்திவிடுகின்றனர்.

தேய்வது குருத்தெலும்பு. தொடை எலும்பும் அதன் கீழுள்ள கால் எலும்பும் ஒன்றோடொன்று உரசாமல் காக்கும் வழவழப்பான உறை அது. சில மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதில் நரம்பு இல்லை; அதனால் தேயத் தொடங்கும்போது வலி தெரியாது. இரத்தக் குழாயும் இல்லை. அதனால் தேய்ந்த இடம் எளிதில் ஆறாது.

எக்ஸ்ரே படத்தில் குருத்தெலும்பு தெரிவதில்லை. இரு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறைந்திருப்பதைக் கொண்டே மருத்துவர் தேய்மானத்தைக் கணிக்கிறார். அந்த இடைவெளி குறையும்போது சேதம் முற்றியிருக்கும். எம்ஆர்ஐ குருத்தெலும்பைக் காட்டும் என்றாலும் செலவு அதிகம்.

இந்த இடத்தில்தான் ஒரு தமிழரின் கண்டுபிடிப்பு கைகொடுக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனுடன் கல்கத்தாவில் ஆய்வு செய்து 1928 பிப்ரவரி 28ஆம் நாள் ராமன் விளைவைக் கண்டறிந்தார். 1930இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு பொருளின் மீது ஒளி பட்டுச் சிதறும்போது பெரும்பகுதி அதே நிறத்தில் திரும்புகிறது. ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு மட்டும் நிறம் சற்று மாறி வருகிறது. அந்த மாற்றம், பொருளிலுள்ள மூலக்கூறுகளின் அதிர்வைப் பொறுத்தது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனிக் கைரேகை இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

குருத்தெலும்பில் பெரும்பங்கு தண்ணீர். மீதியில் முக்கியமானவை இரண்டு: வலைபோல் பின்னி உறுதி தரும் கொலாஜன், தண்ணீரைப் பிடித்துவைத்து மெத்தைபோல் அழுத்தம் தாங்கும் புரோட்டியோகிளைக்கன். தேய்மானத்தின் தொடக்கத்தில் இந்த இரண்டாவது பொருள்தான் கசிந்து குறைகிறது. அப்போது உறையின் கனம் அவ்வளவாக மாறியிருக்காது. லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தால் அதற்குரிய குறி மங்கியிருப்பது தெரியும். உறை மெலிந்திருந்தால், அடியிலுள்ள எலும்பின் குறி ஓங்கித் தெரியும். தண்ணீரின் ராமன் குறி மிக மெல்லியது என்பதால் ஈரமான திசுவையும் அப்படியே சோதிக்கலாம்.

ஒரு தடை உண்டு. தோலையும் தசையையும் கடந்து இந்த ஒளி முட்டியின் உள்ளே போதிய அளவு சேராது. அதனால் ஊசி போன்ற மெல்லிய ஒளியிழைக் கருவியை மூட்டுக்குள் செலுத்திப் பார்க்கும் முறையை அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர். மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கும் வழியை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்துள்ளனர். இவை இன்னும் ஆய்வு நிலையில் உள்ளவை. கிளினிக்கில் கேட்டுப் பெறும் சோதனைகள் அல்ல.

அதுவரை முட்டியைக் காப்பது நம் கையில்தான் உள்ளது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டி தாங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் உதவும். உடனே வலி போக்குவதாகச் சொல்லி விற்கப்படும் பதிவில்லாத ஜாமு, மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது.

படியேறும்போது வலி, காலையில் முட்டி இறுக்கம், வீக்கம் என எது தொடர்ந்தாலும் அரசாங்க கிளினிக்கில் காட்டுவது நல்லது. குருத்தெலும்பு தானாக வலித்துச் சொல்லாது. வலி வந்துவிட்டது என்றால், தள்ளிப்போட இனி நேரமில்லை.