'சாரி, நீங்க சொல்லுங்க...' குறுக்கே பேசாத குரங்கும் குருவியும்!

வீடியோ காலில் ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிச்சு, 'சாரி, நீங்க சொல்லுங்க', 'இல்ல, நீங்களே சொல்லுங்க' என்று இழுபறி ஆகும் இல்லையா? பிரேசிலின் மார்மோசெட் குரங்குகளிடம் அந்தத் தொல்லை ரொம்பவே குறைவு.

அணில் சைஸில் இருக்கும் இந்தக் குரங்கு, கூட்டாளி கண்ணில் படாதபோது விசில் மாதிரி நீளமாகக் குரல் கொடுக்கும். எதிர்ப்பக்கம் உடனே கத்தாது. சுமார் 5 விநாடி பொறுத்துத்தான் பதில் வரும். அரை மணி நேரம் வரைகூட இது மாறி மாறித் தொடரும் என்று 2013-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். முன்பின் தெரியாத குரங்கு என்றாலும் இதே மரியாதைதான்!

ஈக்வடார் மலை மூங்கில் புதர்களில் வாழும் ஒருவகை ரென் குருவி இதற்கு நேர் எதிர். பொறுமையெல்லாம் கிடையாது, எல்லாம் மின்னல் வேகம். ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு துண்டாக மாற்றி மாற்றிப் பாடுவதைக் கேட்டால், ஒரே குருவி பாடுகிறது என்றே நினைப்போம். தனியாகப் பாடும்போதும் ஜோடியின் பங்குக்கு இடைவெளி விட்டுத்தான் பாடும். 2011-ல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியம். குருவியின் மூளை, தன் பங்கைத் தனியாகக் கேட்பதைவிட இருவரும் சேர்ந்து பாடிய முழுப் பாட்டுக்கே அதிகமாகத் துடித்தது. ஜோடி பாடும் நேரத்தில் தன் பாட்டுக்கான நரம்பணுக்கள் அடக்கி வைக்கப்படுகின்றன என்பது 2021-ல் தெரிந்தது. அதாவது, கேட்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. மூளைக்கு அதுவும் ஒரு வேலை.

பறவைகளும் பாலூட்டிகளும் வம்சம் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆக, இந்தப் பழக்கத்தைக் குரங்கும் குருவியும் தனித்தனியாகவே பெற்றிருக்க வேண்டும்.

சரி, இதில் நமக்கு என்ன இருக்கு? மார்மோசெட் குட்டிகள் பிறந்ததும் தாறுமாறாகத்தான் கத்தும், நம்ம குழந்தைகளின் மழலை மாதிரி. பெற்றோர் எந்த அளவுக்குப் பதில் குரல் கொடுக்கிறார்களோ, அந்த அளவுக்கு அந்தக் கத்தல் சீக்கிரமாகப் பெரியவர்களின் குரலாக மாறுகிறது என்கிறது 2015-ல் வெளியான ஆய்வு. மனிதக் குழந்தைக்குப் பேச்சு எப்படி வருகிறது என்று ஆராய்பவர்கள் இந்தக் குட்டிக் குரங்கை விடாமல் கவனிப்பது இதனால்தான்.