வினை பெயராகும் விதம்

கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே, செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த கேரி தீவு. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயர் அதற்கு. அந்தத் தீவின் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளே, இந்த இலக்கணத் துளி உங்களுக்குத்தான்!

'கெடு' என்னும் வினை முதலெழுத்து நீண்டு 'கேடு' ஆகிறது. 'சுடு', 'சூடு' ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று படிப்பீர்களே, அதுதான். ஆங்கிலத்திலும் இப்படி உயிரொலி மாறுவதுண்டு. 'சிங்' என்றால் பாடு, 'சாங்' பாட்டு. 'ஃபீட்' ஊட்டு, 'ஃபூட்' உணவு. எவ்வளவு அழகான ஒற்றுமை!

சில சொற்களில் கடைசி மெய் மாறும்: 'பிலீவ்' நம்பு, 'பிலீஃப்' நம்பிக்கை. 'அட்வைஸ்' இன்னும் நுட்பமானது. எழுதும்போது வினைக்கு 'எஸ்', பெயருக்கு 'சி'. சொல்லும்போது, வினையின் கடைசி ஒலி தேனீபோல் ரீங்கரிக்க வேண்டும். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும்.